அடைப்புக்குள்ளே 60, படம் நகர்வதோ 30. ஏன்?

தையல்_மிஷின் | சனி, இரவு 9:12

வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. நானும் பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவள்தான். ஆனால் அது முடிந்து இருபது வருஷம் ஆச்சு, இப்போது கையில் இருப்பது இஞ்ச் டேப் மட்டும். டியூஷன் பரீட்சையில் வந்த கேள்வி இது:

உயரம் = 3 சைன்(2க − 60°) + 1

வீச்சு, காலம், நகர்வு மூன்றையும் எழுதி வரைபடம் போடணும். (க என்றால் கோணம். ஃபோனில் ஆங்கில எழுத்துக்கு மாறி மாறித் தட்டப் பொறுமை இல்லை.) அவள் எழுதியது: வீச்சு 4, காலம் 720°, நகர்வு இடப்பக்கம் 60°. மூன்றுக்கும் சிவப்புக் கோடு. பக்கத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

"கழித்தல் இருக்கு, அப்போ இடது பக்கம்தானே போகணும்? 2ஆல் பெருக்கியிருக்கு, அப்போ பெரிசாத்தானே ஆகணும்?" என்று கேட்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

கடைசி_பெஞ்ச் | சனி, இரவு 9:20

டெஸ்மோஸில் (ஆன்லைனில் வரைபடம் போட்டுக் காட்டும் தளம்) போட்டுப் பாருங்க அக்கா. ரெண்டு நிமிஷ வேலை.

தையல்_மிஷின் | சனி, இரவு 9:41

போட்டேன் தம்பி. சீப்புப் பல் மாதிரி நெருக்கி நெருக்கி அலை வருகிறது. 30ஐயும் காணோம், 60ஐயும் காணோம்.

ஓய்வு_வாத்தியார் | சனி, இரவு 10:05

அம்மா, அது ரேடியன் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) செய்த வேலை. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் டெஸ்மோஸ் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். 60 என்று அடித்தால் அதற்கு அது 60 ரேடியன், அதாவது ஒன்பதரைச் சுற்றுக்கும் மேல். அமைப்புகளில் டிகிரிக்கு மாற்றி, கிடை அச்சை 0 முதல் 360 வரை வையுங்கள். படம் அழகாக வரும்.

இனி கணக்குக்கு வருவோம். சைன் எப்போதும் −1க்கும் 1க்கும் நடுவே ஆடுவது. 3ஆல் பெருக்கினால் −3 முதல் 3 வரை. அதன் மேல் 1 கூட்டினால் −2 முதல் 4 வரை. மகள் உச்சியைப் பார்த்து 4 என்று எழுதிவிட்டாள். வீச்சு என்பதைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, நடுக்கோட்டிலிருந்து அளக்கணும். உச்சி 4, அடி −2, இடைவெளி 6, அதில் பாதி 3. அந்த +1 அலையை ஒரு மேடை மேல் ஏற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மேடை மேல் ஏறி நின்றால் ஆள் வளர்ந்துவிட்டதாக ஆகாது.

காலம்: சைனுக்கு ஒரு சுற்று முடிய அடைப்புக்குள் இருப்பது 360° நகரணும். உள்ளே 2க இருப்பதால் க வெறும் 180° நடந்தாலே உள்ளே 360° ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் நேரம் பாதி. ஆகவே 360 ÷ 2 = 180°.

நகர்வு: அடைப்புக்குள் இருப்பது எங்கே பூஜ்யம் ஆகிறது என்று பாருங்கள். 2க − 60 = 0, அப்போது க = 30. அலை அங்கிருந்துதான் கிளம்புகிறது. வலப்பக்கம் 30°.

வரைவதற்கு ஐந்து புள்ளி போதும். 30இல் உயரம் 1, 75இல் 4, 120இல் திரும்ப 1, 165இல் −2, 210இல் மறுபடி 1. காலத்தில் கால் பங்கு 45°, அதைக் கூட்டிக்கொண்டே போனேன்.

தையல்_மிஷின் | சனி, இரவு 10:38

ரொம்ப நன்றி சார். மேடை உதாரணம் அவளுக்கு உடனே பிடிபட்டது. டெஸ்மோஸிலும் சரியாக வந்துவிட்டது.

ஆனால் கடைசி விஷயத்தில் இன்னும் முரண்டு பிடிக்கிறாள். "பூஜ்யம் போட்டுப் பார்னா விடை வருது. ஏன் கழித்தல் வலது பக்கம் போகுதுன்னு தெரியலையே. அந்த 60 எங்கே போச்சு?" என்கிறாள். பதில் சொல்லத் தெரியாமல் தூங்கப் போ என்று சொல்லிவிட்டேன்.

மூணு_ஃபேஸ் | ஞாயிறு, காலை 7:15

60 எங்கேயும் போகலை அக்கா, படத்திலேயேதான் இருக்கு. நான் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன், எங்கள் தொழிலே இந்த நகர்வில்தான் ஓடுகிறது. சொல்கிறேன்.

முதலில் கழித்தல். அதைத் தாமதம் என்று படிக்கச் சொல்லுங்கள். கோணத்துக்குப் பதில் நேரம் வைப்போம், 'நே'. அடைப்புக்குள் (நே − 3) என்று இருந்தால் அதற்கு அர்த்தம், "மூணு மணி நேரத்துக்கு முன்னாடி பழைய அலை என்ன செய்ததோ அதை நான் இப்போ செய்கிறேன்" என்பது. ஆறு மணி பஸ் ஒன்பது மணிக்கு வருகிறது. நேரக் கோட்டில் ஒன்பது எந்தப் பக்கம் இருக்கு? வலப்பக்கம். கூட்டல் இருந்தால் பஸ் முன்கூட்டியே வந்துவிட்டது, இடப்பக்கம். இதில் குழப்பமே கிடையாது.

அடுத்து 60. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு விநாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. அலையின் காலம் அதுதான். டிகிரியில் சொன்னால் ஒரு விநாடிக்கு 50 × 360 = 18,000°. மூணு ஃபேஸ் லைனில் ஆர், ஒய், பி என்று மூன்று அலை வரும். வீச்சு ஒன்று, காலம் ஒன்று, கிளம்புகிற நேரம் மட்டும் வேறு:

ஆர்: சைன்(18000 நே)
ஒய்: சைன்(18000 நே − 120°)
பி: சைன்(18000 நே − 240°)

வாத்தியார் சார் சொன்ன மாதிரி ஒய்க்குப் பூஜ்யம் போடுங்கள். நே = 120 ÷ 18000, அதாவது ஒரு விநாடியில் 150இல் ஒரு பங்கு, 6.67 மில்லிவிநாடி. அலைக்காட்டியில் ஒய் தள்ளி நிற்பது 6.67 மில்லிவிநாடிதான். ஆனால் நாங்கள் யாரும் "6.67 தள்ளி" என்று சொல்ல மாட்டோம், "120 டிகிரி தள்ளி" என்போம். ரெண்டும் சரிதான். 360இல் 120 மூன்றில் ஒரு பங்கு. 20இல் 6.67 மூன்றில் ஒரு பங்கு. ஒரே பங்கை ரெண்டு டேப்பால் அளந்திருக்கிறோம்.

இப்போ பாப்பாவின் கணக்கு. 60° என்பது ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு. அவள் அலையின் ஒரு சுற்று எவ்வளவு நீளம்? 180. அதில் ஆறில் ஒரு பங்கு? 30. அவ்வளவுதான் அக்கா. அடைப்புக்குள் நிற்கும் 60 "சுற்றில் எவ்வளவு பங்கு" என்று சொல்கிறது. படத்தில் தெரியும் 30 "அச்சில் எவ்வளவு தூரம்" என்று சொல்கிறது. என் கணக்கில் ஒன்று டிகிரி, இன்னொன்று விநாடி என்பதால் யாருக்கும் குழம்பாது. உங்கள் கணக்கில் ரெண்டுமே டிகிரியாகப் போய்விட்டது, அதனால்தான் வம்பு.

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, காலை 8:02

அண்ணே, அப்போ வீட்டு கரண்டுக்கு வீச்சு 230 தானே?

மூணு_ஃபேஸ் | ஞாயிறு, காலை 8:10

இல்லை. 325. எல்லாரும் விழுகிற பள்ளம் இது. மீட்டரில் 230 என்று காட்டுவது உச்சி இல்லை, 325ஐ ரூட் 2ஆல் வகுத்தால் வருவது. 230 வோல்ட் டிசியை ஹீட்டருக்குக் கொடுத்தால் எவ்வளவு சூடு வருமோ அதே சூட்டை இந்த அலையும் தரும், அதனால் 230 என்று பெயர். அலை உண்மையில் +325 வரைக்கும் ஏறி −325 வரைக்கும் இறங்குகிறது, விநாடிக்கு 50 தடவை. நடுக்கோடு பூஜ்யம். டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் டையோடு தாண்டி இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 சொச்சம் டிசி நிற்கும். 230 போட்டால் எப்படி 320 வந்தது என்று புதுப் பையன்கள் முழிப்பார்கள். தெரியாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கடிக்கும்.

வடமராட்சி | ஞாயிறு, காலை 10:44

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இழையை வாசிக்கத் தொடங்கியபோது "காலம்", "நகர்வு" என்ற சொற்களில் கொஞ்சம் தடுமாறினேன். நாங்கள் வீச்சம், ஆவர்த்தன காலம், மீடிறன் (நீங்கள் அதிர்வெண் என்பது) என்று படித்தவர்கள். மூணு_ஃபேஸ் அண்ணா சொல்கிற அந்தப் பங்குக்கு எங்களிடம் தனிச் சொல் இருக்கிறது: அவத்தை. உயர்தர பௌதிகவியலில் "அவத்தை வித்தியாசம் 120°" என்றுதான் எழுதுவோம். ஆகவே அவத்தை வேறு, அச்சில் நகரும் தூரம் வேறு என்பது எங்களுக்குச் சொல்லிலேயே பிரிந்துவிடுகிறது. ஆனாலும் இணைந்த கணிதப் பரீட்சையில் நானும் 60 என்று எழுதிப் புள்ளி இழந்தவன்தான், சொல் இருந்து என்ன பயன்.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, காலை 11:30

எங்கள் பக்கம் அதற்குக் 'கட்டம்' என்போம், இயற்பியல் பாடத்தில். கணக்குப் பாடத்தில் அந்தச் சொல்லை அதிகம் புழங்குவதில்லை. பதினொன்றாம் வகுப்பு முதல் அத்தியாயத்தில் வரைபடத்தை நகர்த்துவது, சுருக்குவது வருகிறது. பன்னிரண்டில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளில் வீச்சும் காலமும் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

மூணு_ஃபேஸ் விளக்கம் அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். சில புத்தகங்கள் 60ஐயே நகர்வு என்று போட்டிருக்கும், சில 30ஐப் போடும். பரீட்சையில் "படம் வலப்பக்கம் 30° நகர்ந்துள்ளது" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். வெறும் எண்ணை எழுதினால்தான் திருத்துபவர் தன் இஷ்டத்துக்குப் பொருள் கொள்வார்.

மகளை முதலில் 2ஐ வெளியே எடுக்கச் சொல்லுங்கள். 2க − 60 = 2(க − 30). இப்படி எழுதியதும் 30 கண்ணெதிரே நிற்கும். நான் நாற்பது வருஷம் இதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். பாதிப் பேர் "எதுக்கு சார் வெளியே எடுக்கணும், அப்படியே இருக்கட்டுமே" என்பார்கள்.

(சம்பந்தம் இருந்தும் இல்லாமலும் ஒன்று. கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணை இருக்கிறது, 3° 45′க்கு ஒன்றாக 24 வேறுபாடுகள், முதலாவது 225. எல்லாவற்றையும் கூட்டினால் 90°க்கு வருவது 1 இல்லை, 3438. அவருக்கு அது வட்டத்தின் ஆரம்: சுற்றளவை 21,600 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை) என்று வைத்து 2 பையால் வகுத்தால் 3438 வரும். நம் மொழியில் சொன்னால் அவருடைய சைனுக்கு வீச்சு 3438. பெயரும் இங்கிருந்து போனதுதான். 'ஜ்யா' என்றால் நாண். அது அரபுக்குப் போய், அங்கே மடிப்பு என்று பொருள்படும் இன்னொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று. தப்பாகப் படித்ததில் வந்த பெயர் ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்து நிற்கிறது.)

பஞ்சாங்கப்_பைத்தியம் | ஞாயிறு, மதியம் 1:05

பஞ்சாங்கத்தில் 'அகசு' என்று ஒரு எண் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? பகலின் நீளம், நாழிகைக் கணக்கில். 30 நாழிகை என்றால் 12 மணி நேரம். அதை வருஷம் முழுக்கக் குறித்து வரைந்தால் இந்த அலைதான் வரும்.

சென்னைக்கு: மிக நீண்ட பகல் ஜூன் 21 வாக்கில், சுமார் 12 மணி 53 நிமிடம். மிகக் குறுகியது டிசம்பர் 21 வாக்கில், சுமார் 11 மணி 21 நிமிடம். நடுக்கோடு 12 மணி 7 நிமிடம், வீச்சு 46 நிமிடம், காலம் 365 நாள். நடுக்கோடு ஏன் சரியாக 12 மணியில் இல்லை என்றால், காற்று ஒளியை வளைத்துச் சூரியனைக் கொஞ்சம் முன்னதாகக் காட்டிக் கொஞ்சம் பிந்தி மறைக்கிறது, தவிர சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே விடிந்ததாகக் கணக்கு. அந்த 7 நிமிடம் வாத்தியார் சொன்ன மேடை.

பகல் = 12 ம. 7 நி. + 46 நி. × சைன்( (360 ÷ 365) × (நாள் − 80) )

80 எதற்கு? ஜனவரி 1ஐ 1 என்று எண்ணினால் மார்ச் 21 எண்பதாம் நாள். அன்றைக்குத்தான் அலை நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறுகிறது. இங்கே பெருக்கும் எண் ஏற்கெனவே வெளியே நிற்கிறது, அதனால் 80ஐ அப்படியே நகர்வு என்று படித்துவிடலாம். உள்ளே பெருக்கிவிட்டால் அது ஏறக்குறைய 79° ஆகிவிடும், யாருக்கும் எந்தத் தேதி என்று புரியாது.

வடமராட்சிக்காரருக்கு: யாழ்ப்பாணத்தில் வீச்சம் ஏறக்குறைய 34 நிமிடம்தான். கன்னியாகுமரியில் 28. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அலை தட்டையாகும். லண்டனில் நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காலமும் நகர்வும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், வீச்சுதான் ஊருக்கு ஊர் பெரிதாக மாறும்.

தகரக்கடை | ஞாயிறு, மாலை 6:20

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். நான் கோவையில் ஏசி டக்ட், புகைக்குழாய் அடிக்கிறவன். இந்தக் கோட்டை நான் தகரத்தில் வெட்டுகிறேன். சைன் என்று பெயர் இருப்பதே பதினஞ்சு வருஷம் தெரியாது, பையன் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தபோது "இது எல்போ (குழாய் திரும்புகிற முழங்கை) கோடு ஆச்சே" என்று கேட்டுத்தான் தெரிந்தது.

ஒரு வட்டக் குழாயை 90 டிகிரி திருப்பணும் என்றால், ரெண்டு குழாயை 45 டிகிரியில் சாய்வாக வெட்டி ஒட்டணும். உருட்டின பிறகு வெட்டுவது கஷ்டம், அதனால் தகரம் தட்டையாக இருக்கும்போதே கோடு போட்டு வெட்டி, அப்புறம் உருட்டுவோம். அந்தத் தட்டைத் தகரத்தில் போடுகிற கோடு நேர்கோடு இல்லை. அலை.

20 சென்டிமீட்டர் விட்டக் குழாய் எடுத்துக்கோங்க. சுற்றளவு 62.8. தகரத்தின் நீளம் அதுதான், அலை ஒரு சுற்று முடிய எடுக்கிற நீளமும் அதுதான். அதை 12 பாகமாகப் பிரித்துச் செங்குத்துக் கோடு போடுவோம். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு கோட்டிலும் உயரம்: 0, 5, 8.66, 10, அப்புறம் 8.66, 5, 0, பிறகு கீழே அதே மாதிரி. இந்த எண்களை நான் கணக்குப் போட்டு எடுக்கவில்லை, பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து காம்பஸால் தூக்கி வைத்ததுதான். 12 புள்ளியையும் வளையும் பட்டையால் சேர்த்தால் கோடு வந்துவிடும்.

45 டிகிரி வெட்டுக்கு வீச்சு 10, ஆரம் எவ்வளவோ அவ்வளவு. வளைவு மெதுவாகத் திரும்பட்டும் என்று நாலு துண்டில் எல்போ கேட்டால் ஒவ்வொரு வெட்டும் 15 டிகிரி, வீச்சு 2.68க்கு இறங்கிவிடும். காலம் மாறாது, குழாய் அதேதானே. நடுக்கோடு எந்த உயரத்தில் என்பது குழாயின் நீளம், வாடிக்கையாளர் கேட்கிற அளவு.

நகர்வு எங்கே வருகிறது என்றால் மூட்டில். தகரத்தின் ரெண்டு விளிம்பும் சேர்கிற இடம் உள்வளைவில், குட்டைப் பக்கத்தில் வரும்படி வைப்போம். மூட்டு சின்னதாக இருக்கும், வேலை மிச்சம். அப்போ அலை பள்ளத்தில் ஆரம்பித்துப் பள்ளத்தில் முடியும். மூட்டைப் பக்கவாட்டில் வைத்தால் நடுக்கோட்டில் ஆரம்பிக்கும். குழாய் அதே, கோடு அதே, எங்கிருந்து விரிக்க ஆரம்பித்தோம் என்பது மட்டும் வேறு. ஒரு தடவை கிளைக்குழாய்க்கு ஓட்டை போட்ட பிறகு மூட்டைக் கால் சுற்று தள்ளி வைத்துவிட்டேன். பொருத்தினால் ஓட்டை சுவரைப் பார்த்து நிற்கிறது. 15.7 சென்டிமீட்டர் நகர்வு, ஒரு முழு ஷீட் நஷ்டம். வாத்தியார் மார்க்தான் குறைப்பார், எனக்கு அன்றைய கூலியே போச்சு.

தங்கச்சி, வீட்டில் ஒரு வாழைத்தண்டு இருந்தால் மேலே வெள்ளைக் காகிதத்தை ரெண்டு மூணு சுற்று இறுக்கமாகச் சுற்றி, நல்ல கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு வெட்டுங்கள். காகிதத்தை விரித்துப் பாப்பாவிடம் காட்டுங்கள்.

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, மாலை 6:31

அண்ணே, ஸ்கூலில் இதை யாராவது காட்டியிருந்தால் நான் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மூணு_ஃபேஸ் | ஞாயிறு, இரவு 7:02

தகரக்கடை அண்ணன் சொன்னதில் இன்னொன்று இருக்கு. ஒரு குழாயை 45இல் வெட்டி, ஒரு துண்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி ஒட்டினால் எல்போ வந்துவிடும் இல்லையா? அரைச் சுற்று திருப்புவது என்றால் 180 டிகிரி நகர்வு. மேடு இருந்த இடத்தில் பள்ளம். முன்னால் கழித்தல் குறி போட்டாலும் அதேதான்: −3 சைன் என்றால் வீச்சு −3 இல்லை, 3தான், அலை தலைகீழாக நிற்கிறது.

வீட்டிலேயே பார்க்க ஒன்று சொல்கிறேன். சீலிங் ஃபேன் மேலே கிண்ணத்துக்குள் குட்டியாக ஒரு கண்டென்சர் இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். ஒரே லைன் கரண்டைத் துணைச் சுருளுக்கு மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ரெண்டு சுருளிலும் அலை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும், எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குத் தெரியாது. ஏறக்குறைய கால் சுற்று நகர்வு கிடைத்தால்தான் சுற்றும். ஃபேன் மெதுவாகிவிட்டது, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்றால் கண்டென்சர் இளைத்துவிட்டது. மாத்துங்க.

வடமராட்சி | ஞாயிறு, இரவு 8:15

மூன்று அலைகளையும் கூட்டினால் பூச்சியம் வருமென்று படித்தது ஞாபகம். அது எப்போதுமா, சில கணங்களில் மட்டுமா?

மூணு_ஃபேஸ் | ஞாயிறு, இரவு 8:22

எப்போதும் தம்பி, மூணு ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால். ஆர் உச்சியில் 1 என்றால் மற்ற ரெண்டும் −0.5, −0.5. ஆர் பூஜ்யத்தில் ஏறும்போது ஒய் −0.866, பி +0.866. எந்த இடத்தில் நிறுத்திக் கூட்டினாலும் பூஜ்யம்தான். அதனால்தான் சமமான லோடில் நியூட்ரலில் கரண்ட் வராது. கூட்டாமல் ஆரிலிருந்து ஒய்யைக் கழித்தால் புதுசாக ஒரு சைன் அலை வரும், காலம் அதே, வீச்சு ரூட் 3 மடங்கு. 230ஐ 1.732ஆல் பெருக்குங்கள், 400க்குப் பக்கத்தில் நிற்கும். மோட்டார் தகட்டில் 400, 415 என்று எழுதியிருப்பது அதுதான்.

தையல்_மிஷின் | திங்கள், காலை 6:50

வாழைத்தண்டு வெட்டியாச்சு! முதல் தடவை காகிதம் கிழிந்துவிட்டது, ரெண்டாவது தடவை அழகாக வந்தது. மகள் விரித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஸ்கேல் எடுத்து அளந்தாள். தண்டு விட்டம் 5 செ.மீ., அலை நீளம் 15.8 வந்தது, "பை வருதும்மா" என்றாள்.

தகரக்கடை அண்ணா, ஒன்று சொல்லணும். நீங்கள் சொன்ன கோடு என் கடையில் தினமும் வெட்டுகிறதுதான்! ஜாக்கெட் கை வெட்டும்போது தோள்பட்டைப் பக்கம் மேடு, அக்குள் பக்கம் பள்ளம். நாங்கள் முன்பக்கத்தைக் கொஞ்சம் உள்வாங்கி வெட்டுவோம், கை முன்னால் நீட்ட வசதியாக, அதனால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் குழாயைச் சாய்வாக ஒட்டுகிற அதே வேலைதான்.

60 எங்கே போச்சு என்பதற்கும் என் பெட்டியிலிருந்தே பதில் எடுத்தேன். எலாஸ்டிக். இழுத்துப் பிடித்த எலாஸ்டிக்கில் சாதாரண சைன் அலையை வரைந்துகொள்ளச் சொன்னேன். அதை வலப்பக்கம் 60 தள்ளினோம், இப்போது அலை கிளம்புகிற இடம் 60. அப்புறம் எலாஸ்டிக்கைப் பாதி நீளத்துக்கு விட்டோம். சுற்று 360இலிருந்து 180 ஆச்சு. 60இல் வைத்த புள்ளியும் சேர்ந்து சுருங்கி 30க்கு வந்துவிட்டது. "தள்ளினது 60தான், சுருங்கினதால 30"னு அவளே சொல்லிவிட்டாள். சரிதானே சார்?

ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 8:30

நூற்றுக்கு நூறு. தள்ளிவிட்டுச் சுருக்கினால் 60 தள்ளணும், சுருக்கிவிட்டுத் தள்ளினால் 30 தள்ளினால் போதும். முதலாவது 2க − 60, இரண்டாவது 2(க − 30). இரண்டு எழுத்தும் இரண்டு வரிசை, முடிவில் ஒரே படம். நாற்பது வருஷத்தில் எனக்கு எலாஸ்டிக் தோன்றவே இல்லை.

அடுத்து அவளிடம் கேளுங்கள்: காஸ் அலையைச் சைனாக எழுத என்ன நகர்வு வேண்டும்? டேனுக்கு வீச்சு எவ்வளவு?

தையல்_மிஷின் | திங்கள், இரவு 9:55

காஸுக்குச் சைன்(க + 90°), "பஸ் முன்கூட்டியே வந்துடுச்சு, இடப்பக்கம் 90". டேனுக்குக் கொஞ்சம் யோசித்தாள். "அது மேலேயும் முடியல, கீழேயும் முடியல, பாதி எடுக்க எதுவுமே இல்லை. வீச்சு கிடையாது. காலம் மட்டும் 180" என்றாள். சரி என்றுதான் நினைக்கிறேன்.

டியூஷனில் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். பார்த்தார்களாம், மதிப்பெண் மாறவில்லை.

கடைசி_பெஞ்ச் | திங்கள், இரவு 10:01

டேன் சரிதான் அக்கா. வாழைத்தண்டு என்ன ஆச்சு?

தையல்_மிஷின் | திங்கள், இரவு 10:04

கூட்டு வைத்துவிட்டேன். சாய்வாக வெட்டினதில் நார் எடுக்கத்தான் உயிர் போச்சு.